ஆச்சியின் புக்மார்க்குகள் எங்கே போயின?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்களுக்கு வேண்டிய ஆச்சி ஒருவர் இருக்கிறார்கள். வயது எழுபதுக்கு மேல். பேரப்பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் என்பதால் கம்ப்யூட்டர் நன்றாகவே பழகிவிட்டது. சென்ற மாதம் ஒருநாள் காலையில் போன். “தம்பி, புதுக் கம்ப்யூட்டர் வந்துருச்சு. கடைக்காரப் பையன் எல்லாத்தையும் மாத்திட்டேன்னு சொல்லிட்டுப் போனான். பார்த்தா என் புக்மார்க்கு ஒண்ணையும் காணோம்.”

பையன் பொய் சொல்லவில்லை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள், பாட்டு என்று கண்ணில் பட்ட ஃபோல்டரை எல்லாம் பென் டிரைவில் ஏற்றிப் புதியதில் இறக்கியிருக்கிறான். மறுபடி போய்ப் பார்க்க நாம் குறித்து வைக்கும் இணையப் பக்கங்கள், அதாவது புக்மார்க்குகள், அந்த ஃபோல்டர்கள் எதிலும் இருப்பதில்லை, அவ்வளவுதான்.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு பொதுவாக நிறுத்திக்கொண்டது. அதன்பிறகு பழைய கம்ப்யூட்டரை மாற்றுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், ஆச்சி சொன்ன அதே புகாரும் அடிக்கடி காதில் விழுகிறது. ‘புக்மார்க்கை மாற்றணும்’ என்று சொல்கிறோமே தவிர, எதை மாற்றுகிறோம் என்பதில் பலருக்கும் தெளிவில்லை. அது தெரிந்துவிட்டால் ஐந்து நிமிட வேலை.

வெறும் விலாசம்தான்

விலாசம் என்ற சொல்லுக்குச் செட்டிநாட்டில் கொஞ்சம் கூடுதல் கனம் உண்டு. குடும்பத்தின் விலாச எழுத்துகளைப் பாத்திரம் பண்டங்களில் எல்லாம் வெட்டி வைப்பார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்தவர்களுக்கு அந்த எழுத்துகளேதான் கடையின் பெயர். ஆனாலும் எழுத்து வேறு, கடை வேறு. விலாசம் எழுதிய சீட்டை நீங்கள் பையில் வைத்திருந்தாலும் ரங்கூன் கடை ரங்கூனில்தான் இருக்கும்.

புக்மார்க்கும் அந்தச் சீட்டுதான். நீங்கள் பார்க்கும் இணையப் பக்கம் உங்கள் கம்ப்யூட்டரில் குடியிருப்பதில்லை. எங்கோ ஓர் ஊரில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. கேட்பவர்களுக்கெல்லாம் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பெயர் சர்வர். அந்தப் பக்கத்துக்குப் போய்ச்சேரும் முழு முகவரி யூ.ஆர்.எல். பிரவுசர் என்பது முகவரியைக் கொடுத்தால் பக்கத்தை வாங்கி வந்து காட்டும் செயலி. க்ரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் பிரவுசர்கள்.

புக்மார்க் சேர்க்க முகவரிப் பட்டையில் உள்ள நட்சத்திரக் குறியைத் தட்டியதும் பிரவுசர் என்ன எழுதிக்கொள்கிறது? பக்கத்தின் பெயர், யூ.ஆர்.எல்., சேர்த்த தேதி, எந்த ஃபோல்டரில் போட்டீர்கள் என்ற விவரம், பெரும்பாலும் ஒரு குட்டிப் படம். பக்கத்தில் இருந்த சமையல் குறிப்போ, கட்டுரையோ, படமோ உங்களிடம் வருவதில்லை. சில நூறு புக்மார்க் சேர்ந்தாலும் செல்போனில் எடுத்த ஒரு போட்டோ அளவுக்குக்கூட வராததற்குக் காரணம் இதுதான்.

இதனால் இரண்டு விஷயங்கள். அந்தத் தளத்தை நடத்தியவர் கடையை மூடிவிட்டால் புக்மார்க் இருந்தும் பயனில்லை; அதற்கும் கம்ப்யூட்டர் மாற்றியதற்கும் சம்பந்தம் கிடையாது. (மூடிப்போன பக்கத்தின் யூ.ஆர்.எல்.லை இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள். பழைய நகல் சில சமயம் அங்கே கிடைக்கும்.) இன்னொன்று, டி டிரைவில் இருக்கும் ஒரு பி.டி.எஃப்.ஐ பிரவுசரில் திறந்து, அதற்கும் நட்சத்திரம் குத்தி வைத்திருப்பார்கள் சிலர். அந்த முகவரி இணையத்தில் உள்ளது அல்ல, உங்கள் பழைய கம்ப்யூட்டருக்குள் உள்ளது. ‘இரண்டாங்கட்டில் மூன்றாவது அலமாரி, மேல்தட்டு’ என்று எழுதி வைத்த சீட்டைப் புது வீட்டுக்கு எடுத்துப் போன கதைதான். சீட்டு வரும், அலமாரி வராது.

இதுவரை சொன்னது சுருக்கமாக: புக்மார்க் என்பது ஒரு பெயர், ஒரு முகவரி. நாம் எடுத்துப் போகப்போவது முகவரிப் பட்டியலை மட்டுமே.

புக்மார்க் மாதிரி இருக்கும், புக்மார்க் இல்லை

ஆச்சியிடம் “என்னென்ன காணோம்?” என்று கேட்டேன். சொல்லச்சொல்லத்தான் விஷயம் புரிந்தது. பாதிக்கு மேல் புக்மார்க்கே இல்லை.

“ரயில் டிக்கெட் பக்கம் காணோம். ரெண்டு எழுத்து அடிச்சா வந்துருமே!” பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு டிக்கெட் எடுக்க ஐ.ஆர்.சி.டி.சி. பக்கத்துக்கு அடிக்கடி போவார்கள். முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் மீதியைப் பிரவுசரே நிரப்பிவிடும். இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ஹிஸ்டரி, அதாவது நீங்கள் போய்வந்த பக்கங்களைப் பிரவுசர் தானாகக் குறித்து வைக்கும் பட்டியல். புக்மார்க் நீங்கள் வேண்டுமென்று எழுதி வைப்பது. ஹிஸ்டரி வாசலில் உட்கார்ந்திருக்கும் காவல்காரர் போகிற வருகிறவர்களைப் பார்த்து வைத்துக்கொள்வது. அவர் நினைவும் நெடுநாள் நிற்காது: க்ரோம் தன்னிடமுள்ள ஹிஸ்டரியைச் சுமார் 90 நாள் வைத்திருந்துவிட்டுக் கழித்துவிடும். புதுக் கம்ப்யூட்டரில் புதுக் காவல்காரர். அவருக்கு உங்களைத் தெரியாது.

“புதுசா ஒரு பக்கம் திறந்தா வட்டம் வட்டமா வருமே, அதுவும் இல்லை.” புது டேப் திறந்ததும் தெரியும் அந்த வட்டங்கள் பெரும்பாலும் நீங்கள் அடிக்கடி போகும் இடங்களைப் பிரவுசர் தானே பொறுக்கி அடுக்குவது. அவையும் புக்மார்க் அல்ல. நான்கு நாள் புழங்கினால் தானாக வந்துவிடும்.

“பட்டா பார்க்கிற பக்கத்துல உள்ளேயே போயிருக்கும். இப்ப என்னென்னமோ கேக்குது.” இது பாஸ்வேர்டும் குக்கியும் சேர்ந்த விவகாரம். நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்று நினைவுவைத்துக்கொள்ள ஒரு தளம் உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் அடையாளத் துணுக்குதான் குக்கி. கோயிலில் கையில் கட்டிவிடும் கயிறு மாதிரி. விலாசச் சீட்டைக் கொண்டுபோனால் கயிறு கூடவே வராது; புதிதாக லாகின் செய்துதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

இதில் பாஸ்வேர்டைப் பற்றி இரண்டு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் அடிபடுவது இங்கேதான். பழைய பழக்கத்தில் க்ரோமின் ஃபோல்டரையே அப்படியே காப்பி எடுத்துப் புதியதில் போட்டுவிடுவார்கள். புக்மார்க் வந்துவிடும், பாஸ்வேர்ட் வராது. புக்மார்க்கை க்ரோம் திறந்த எழுத்திலேயே எழுதி வைக்கிறது. பாஸ்வேர்டை அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள உங்கள் விண்டோஸ் கணக்கோடு பிணைந்த சாவியால் பூட்டி வைக்கிறது. பெட்டியைத் தூக்கிவந்துவிட்டீர்கள், சாவி பழைய வீட்டு ஆணியில் தொங்குகிறது. பாஸ்வேர்டுகளைத் தனி ஃபைலாக எடுக்கவும் வழி உண்டுதான். ஆனால் அந்த ஃபைலில் எல்லாம் யாரும் படிக்கும்படி பச்சையாக இருக்கும். எடுத்தால் வேலை முடிந்த கையோடு அழித்துவிடுங்கள். பென் டிரைவில் விட்டுவைத்துக் கடைக்காரரிடம் நீட்டாதீர்கள்.

ஆச்சிக்கு உண்மையிலேயே காணாமல்போனது நட்சத்திரம் குத்திச் சேர்த்த முப்பத்தெட்டு பக்கங்கள். கந்தரப்பம், மணகோலம் என்று பலகாரம் சொல்லிக்கொடுக்கும் பக்கங்கள், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தின் பழைய நூல்கள், பேத்தியின் பள்ளிக்கூட அறிவிப்புப் பக்கம், இப்படி. அவைதான் நாம் தேட வேண்டியவை.

ஒரு வளவு, பல அறைகள்

அந்த முப்பத்தெட்டும் எங்கே இருக்கும்? விண்டோஸில் ஒவ்வொருவர் பெயரிலும் உள்ள ஃபோல்டருக்குள் ‘ஆப் டேட்டா’ என்று ஒன்று உண்டு. செயலிகள் தங்கள் சொந்தச் சாமான்களைப் போட்டு வைக்கும் இடம். தெரியாமல் யாரும் கைவைத்துவிடக் கூடாது என்று விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கிறது. கடைக்காரப் பையன் கண்ணில் படாததற்கு அதுதான் காரணம். அதற்குள்ளே க்ரோமின் ஃபோல்டர், அதற்குள்ளே ‘புக்மார்க்ஸ்’ என்ற பெயரில் ஒரேயொரு சின்ன ஃபைல். ஆச்சி சேர்த்ததெல்லாம் அதில்தான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் பக்கத்துப் பெரிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு ஒன்று, வளவு என்கிற நடுமுற்றம் ஒன்று. ஆனால் வளவைச் சுற்றி அறைகள். மகனுக்குக் கல்யாணமானால் அவனுக்கென்று ஓர் அறை. தனிக்குடித்தனம் என்று வேறு வைத்துவிட்டால் சமையலும் தனி. வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு ஒரே வீடு, உள்ளே ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு தம்பதிக்கும், தனிச் சாவி.

பிரவுசரிலும் அப்படிப்பட்ட அறைகள் உண்டு. அதற்குப் பெயர் ப்ரொஃபைல். க்ரோமின் வலது மேல்மூலையில் வட்டத்துக்குள் ஒரு முகமோ எழுத்தோ தெரிகிறதே, அதைத் தட்டினால் இந்தக் கம்ப்யூட்டரில் எத்தனை ப்ரொஃபைல் இருக்கிறது என்று தெரியும். ஒவ்வொன்றுக்கும் புக்மார்க் தனி, ஹிஸ்டரி தனி, பாஸ்வேர்ட் தனி. நீங்கள் எந்த அறையில் நின்று மூட்டை கட்டுகிறீர்களோ அந்த அறையின் சாமான்தான் மூட்டையில் ஏறும். விடுமுறைக்கு வந்த பேரன் தன் ப்ரொஃபைலைத் திறந்து விட்டுப் போயிருந்தால், நீங்கள் மாங்குமாங்கென்று எடுத்துப் போவது அவன் கிரிக்கெட் பக்கங்களாக இருக்கும்.

ஆகவே மூட்டை கட்டும் முன் வலது மூலை வட்டத்தை ஒருதடவை பாருங்கள்.

ஏற்றுமதியும் இறக்குமதியும்

எக்ஸ்போர்ட், இம்போர்ட் என்றால் செட்டிநாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிரவுசரில் எக்ஸ்போர்ட் என்பது முகவரிப் பட்டியலை வேறு பிரவுசரும் படிக்கக்கூடிய ஒரு பொது ஃபைலாக எழுதி வாங்குவது. இம்போர்ட் என்பது அந்த ஃபைலைப் படிக்கச் சொல்வது.

பொது ஃபைல் எதற்கு? க்ரோம் தன் பட்டியலை ஒரு விதமாக எழுதி வைக்கிறது, ஃபயர்ஃபாக்ஸ் வேறு விதமாக. ஒன்றின் கையெழுத்து இன்னொன்றுக்கு அப்படியே புரியாது. எல்லோருக்கும் புரியும் நடுவான எழுத்து ஒன்று வேண்டும். அதுதான் எச்.டி.எம்.எல்., இணையப் பக்கங்களே எழுதப்படும் மொழி.

இந்த ஃபைலைப் பற்றி எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குள் நுழைந்தால் பித்தளைக் குடத்தையும் தூக்குச்சட்டியையும் திருப்பிப் பாருங்கள். யாரோ ஒரு குடும்பத்தின் விலாச எழுத்து வெட்டியிருக்கும். சட்டி மூன்று கைமாறியும் எழுத்து போகவில்லை. எக்ஸ்போர்ட் செய்த புக்மார்க் ஃபைலை நோட்பேடில் திறந்தால் முதல் வரியிலேயே ‘நெட்ஸ்கேப்’ என்ற பெயர் இருக்கும். 1994இல் வந்த பிரவுசர் அது. 2008இல் அதற்கான ஆதரவே நிறுத்தப்பட்டுவிட்டது. கூகுளும் மைக்ரோசாஃப்டும் ஃபயர்ஃபாக்ஸைத் தரும் மொசில்லாவும் இன்றைக்கும் அதன் வடிவத்திலேயே பட்டியலை எழுதி, அதன் பெயரையும் மேலே போட்டுத் தருகின்றன.

பெயரிலும் கொஞ்சம் குழப்பம் உண்டு. நெட்ஸ்கேப்புக்கு முன் வந்த மொசைக் என்ற பிரவுசர் புக்மார்க்கை ‘ஹாட்லிஸ்ட்’ என்றது. மைக்ரோசாஃப்டின் பிரவுசர்களில் ‘ஃபேவரிட்ஸ்’. எட்ஜில் இன்றும் அப்படித்தான். எட்ஜில் புக்மார்க் என்ற சொல்லைத் தேடித் தலையைச் சொறியாதீர்கள். இரண்டும் ஒன்று.

இனி வேலை. பழைய கம்ப்யூட்டரில் க்ரோமைத் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் பட்டியல் திறக்கும். அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலே வலப்பக்கம் மூன்று புள்ளி தெரியும். அதைத் தட்டி ‘எக்ஸ்போர்ட் புக்மார்க்ஸ்’. எட்ஜிலும் அதே விசைகள், அதே மூன்று புள்ளி, ‘எக்ஸ்போர்ட் ஃபேவரிட்ஸ்’. ஃபயர்ஃபாக்ஸிலும் அதே விசைகள்தான், ஆனால் ‘இம்போர்ட் அண்ட் பேக்கப்’ என்பதற்குள் போக வேண்டும். ஃபைலைப் பென் டிரைவில் சேமியுங்கள், அல்லது உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். புதியதில் அதே இடத்துக்குப் போய் ‘இம்போர்ட்’. அவ்வளவுதான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு காரியம் செய்யச் சொல்வேன். வந்த ஃபைலை இரண்டுமுறை சொடுக்கித் திறந்து பாருங்கள். பிரவுசரில் ஒரு பக்கமாகவே திறக்கும், உங்கள் முகவரிகள் வரிசையாகத் தெரியும், தட்டினால் போகும். பட்டியல் உங்களுடையதுதானா, முழுதாக இருக்கிறதா என்று பழைய கம்ப்யூட்டர் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும். விற்ற பிறகு தெரிந்து என்ன பண்ண?

இம்போர்ட்டில் ஒரு வார்த்தை பலரைத் தடுமாற வைக்கிறது. க்ரோம் செட்டிங்ஸில் ‘புக்மார்க்கை இம்போர்ட் செய்’ என்று போனால் எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் என்று பிரவுசர் பெயர்களைக் காட்டும். அது அதே கம்ப்யூட்டரில் உள்ள வேறு பிரவுசரிடம் இருந்து வாங்கிக்கொள்வது. பக்கத்து மேசையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை அது எட்டிப் பார்க்காது. அங்கே ‘எச்.டி.எம்.எல். ஃபைல்’ என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சின்க் என்னும் நிலைக்கண்ணாடி

“இவ்வளவு எதுக்கு, கூகுள்ல லாகின் பண்ணா தானா வந்துரும்” என்பார்கள். வரும். அதற்குப் பெயர் சின்க்: உங்கள் பட்டியலின் ஒரு பிரதியைப் பிரவுசர் நிறுவனத்தின் சர்வரில் வைத்து, நீங்கள் லாகின் செய்த கம்ப்யூட்டர், செல்போன் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வைத்திருப்பது. பழையதில் எந்தக் கணக்கில் சின்க் ஓடியதோ அதே கணக்கில் புதியதில் நுழைய வேண்டும். மகன் திறந்து கொடுத்த மெயில், மருமகள் திறந்து கொடுத்த மெயில் என்று இரண்டு மூன்று வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் தவறான கணக்கில் நுழைந்துவிட்டு ‘ஒன்றும் வரவில்லை’ என்பார்கள்.

எனக்கு அதிருப்தி சின்க் மீது அல்ல, அதைப் பாதுகாப்புப் பிரதி என்று நினைத்துக்கொள்வதன் மீது. பெரிய வீட்டு முகப்பில் ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடி இருக்கும். நீங்கள் பொட்டு வைத்தால் அதுவும் வைக்கும், பொட்டை அழித்தால் அதுவும் அழித்துவிடும். சின்க் அப்படி. செல்போனில் கைதவறி ஒரு ஃபோல்டரை நீக்கினால் சற்று நேரத்தில் கம்ப்யூட்டரிலும் போய்விடும். எக்ஸ்போர்ட் செய்த ஃபைல் இரும்புப் பெட்டிக்குள் வைத்தது மாதிரி. வைத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே கிடக்கும், அதற்குப் பின் சேர்த்தது அதில் இருக்காது. தினப் புழக்கத்துக்குச் சின்க் சௌகரியம். கம்ப்யூட்டர் மாற்றும் நாளில் சின்க் இருந்தாலும் ஒரு ஃபைல் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

சுருக்கமாக: எக்ஸ்போர்ட் ஒரு நாளின் நகல். சின்க் இந்த நிமிடத்தின் பிம்பம்.

பழையது எழுந்திருக்கவே இல்லை என்றால்

கம்ப்யூட்டர் ஓடவில்லை என்பதால் அதில் இருந்ததெல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் கெடுவது வேறு ஏதாவது உறுப்பாக இருக்கும். தகவல் இருக்கும் டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். அதைக் கழற்றி யூ.எஸ்.பி. உறையில் போட்டுப் புதியதோடு இணைத்து, முன்பு சொன்ன ஆப் டேட்டாவுக்குள் போய் அந்தச் சின்ன ‘புக்மார்க்ஸ்’ ஃபைலை எடுக்கலாம். க்ரோமை முழுதாக மூடிவிட்டு, புதியதில் அதே இடத்தில் வைத்துத் திறந்தால் பட்டியல் வந்து நிற்கும். புதியதில் ஏற்கெனவே புக்மார்க் இருந்தால் அதன்மேல் எழுதிவிடும், கவனம். ஃபயர்ஃபாக்ஸ்காரர்களுக்கு ஒரு சலுகை: அது தானாகவே அவ்வப்போது தேதி போட்டு நகல்களை எடுத்துவைக்கிறது. பழைய டிஸ்க்கில் உள்ள அந்த நகலைப் புதியதில் ‘ரீஸ்டோர்’ என்பதற்குள் போய்த் தேர்ந்தெடுக்கலாம்.

டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டால், அதாவது மொத்தமாக அழித்துவிட்டால், இதில் ஒன்றும் நடக்காது. கடையில் “ஃபார்மட் போட்டுத் தரேன்” என்றால் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். பிரவுசர் சாமானை எடுத்தாயிற்றா என்று நீங்களே கேட்க வேண்டும். அவர்களாகக் கேட்பது குறைவு.

ஆச்சிக்கு அந்தக் கவலை இல்லை. பழையது இரண்டாங்கட்டில் துணி போர்த்தி அப்படியே இருந்தது. போனிலேயே சொல்லச்சொல்ல அவர்களே எக்ஸ்போர்ட் எடுத்தார்கள், பென் டிரைவில் போட்டார்கள், புதியதில் இறக்கினார்கள். முப்பத்தெட்டும் வந்துவிட்டன.

மறுநாள் திரும்பவும் போன். “தம்பி, மேலே வரிசையா இருக்கு. ஆனா ‘இம்போர்ட்டட்’னு ஒரு ஃபோல்டர்லயும் அதேதான் இருக்கு. கந்தரப்பம் ரெண்டு, மணகோலம் ரெண்டு.”

சந்தேகத்துக்கு இன்னொருமுறை இம்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். புது க்ரோம் காலியாக இருந்ததால் முதல்முறை வந்தவை நேராக மேல்பட்டையில் உட்கார்ந்துவிட்டன. இரண்டாம் முறை அங்கே இடம் பிடித்திருந்ததால் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டது. பிரவுசர் ‘இது ஏற்கெனவே இருக்கிறதே’ என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. கொடுத்ததை இறக்கி வைத்துவிடும்.

“ரெண்டுல எதை அழிக்க?”

“ஃபோல்டரை அழிச்சிடுங்க ஆச்சி. மேலே இருக்கிறதைத் தொடாதீங்க.”

“ரெண்டையும் வெச்சுக்கிட்டா என்ன? இடமா அடைக்குது?”

அடைக்கவில்லைதான். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.